வருகை நிகழ்ந்தது

நடுநிலையாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, விலக்கிவிடவும் செய்யாமல், விலகிப் போகவும் செய்யாமல், கையில் டீ கிளாசோடு சரியாக மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "ரெண்டு பக்கமும் பாக்கணும்லா" என்று சொல்வாரே, அவர்தான். ஒருவன் இன்னொருவன் காலில் பைக்கை ஏற்றியிருப்பான். காலுக்கு ஒரு பக்கம் உண்டு, டயருக்கும் ஒரு பக்கம் உண்டு என்பது நம்மவர் கட்சி. கட்சி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

இந்த இனம் எல்லா ஊரிலும் விளைகிறது. ஆனாலும் சங்கரன்கோவில் மண்ணில் கொஞ்சம் செழிப்பாகவே வளரும். சாமியே வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். "நம்ம ஊரு சாமியே நடுநிலைதான் வே!" என்று காந்திமதிநாதன் வாரத்துக்கு நாலு தடவை சொல்வார். சாமி அப்படி நின்றது சிவனா, பெருமாளா பெரியவர் என்று நடந்துகொண்டிருந்த ஒரு சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் என்பதையோ, அதைப் பார்ப்பதற்குக் கோமதி அம்மன் தவம் கிடக்க வேண்டியிருந்தது என்பதையோ அவர் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு நீண்டுபோகும் என்பார்.

காந்திமதிநாதன் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் குப்பை கொட்டிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் எழுதிய எந்தக் குறிப்பிலும் யாரும் எதையும் செய்ததில்லை. கோப்பை யாரும் தொலைக்க மாட்டார்கள், கோப்பு கிடைக்கப்பெறாது. மனுவை யாரும் கிடப்பில் போட மாட்டார்கள். மனு பரிசீலனையில் இருந்துவரும். சுவர் இடிந்து விழுந்தால் கட்டியவன் பெயர் வராது; சுவர் விழுந்திருப்பதாகத் தெரியவரும். அவர் கையில் சிக்கிய வாக்கியத்திலிருந்து மனிதர்கள் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். மேலதிகாரிகளுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட திறமையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்? காலையில் கோவில், பேப்பர், இட்லி. பத்து மணிக்கு மேல் பிரம்மநாயகி அம்மாள் சமையலறையில் என்ன செய்கிறாள் என்று மேற்பார்வை. இரண்டே மாதத்தில் அந்த அம்மாள், செல்போன் கடை ஆஷிக் அலியைக் கூப்பிட்டு, "இவுகளுக்கு என்னத்தையாவது காட்டிக் குடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டாள். ஆஷிக் அலி கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைப் போட்டுக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் திறந்து காட்டினான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம்! காந்திமதிநாதனுக்குச் சொர்க்கம் தாழ்ப்பாள் இல்லாமல் திறந்து கிடந்தது.

முதலில் உளுந்து, பருத்தி, கம்பு என்று நம் கரிசல்காட்டுக் கட்டுரைகளில் கால்புள்ளி, அரைப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எதையோ தேடப்போய் சியோனிசம் என்ற கட்டுரையில் போய் விழுந்தார். யூதர்களுக்கென்று ஒரு தாயகம் வேண்டும் என்று ஐரோப்பாவில் தொடங்கி, பாலஸ்தீனத்தில் வந்து நின்ற இயக்கம். அதைப்பற்றி அவருக்கு முன்னே பின்னே தெரியாது. ஆனால் கட்டுரையின் தலையில் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. "இக்கட்டுரையின் நடுநிலைமை கேள்விக்கு உட்படுத்தப்பட்டுள்ளது." உட்படுத்தப்பட்டுள்ளது! எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு சொல்லைக் கேட்டு? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சண்டை ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. "பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யூதர்கள் பாலஸ்தீனத்தில்" என்று வாக்கியம் ஒழுங்காகத்தான் தொடங்கும். முடிவதுதான் பாடு. ‘தாவீதின்கவண்’ என்ற புனைபெயர்க்காரர் வந்து, பாலஸ்தீனத்தில் என்பதை ‘பாலஸ்தீனத்துக்கு’ என்று மாற்றி, ‘தாயகம் திரும்பினர்’ என்று முடிப்பார். கால்மணி நேரத்தில் ‘ஒலிவக்கிளை’ என்ற இன்னொரு புனைபெயர்க்காரர் அதை அழித்துவிட்டு, ‘குடியேறி நிலத்தைக் கைப்பற்றினர்’ என்று முடிப்பார். மறுபடி கவண். மறுபடி கிளை. இரண்டு பேருமே தம்மைப்பற்றிய பக்கத்தில் ‘நடுநிலையாக எழுதுபவன்’ என்றுதான் போட்டிருந்தார்கள். கட்டுரைக்குப் பின்னால் உரையாடல் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே இவர்கள் ஏசிக்கொண்டது கட்டுரையைவிட ஒன்பது மடங்கு நீளம்.

"இரு தரப்பினருக்கும் வணக்கம்" என்று காந்திமதிநாதன் உள்ளே நுழைந்தார்.

அவர் முதலில் வைத்த யோசனை எளிமையானது: ‘வந்தனர்’. இதில் என்ன குற்றம் காண முடியும்? கண்டார்கள். சொந்த வீட்டுக்கு வருகிறவனை வந்தான் என்று யார் சொல்வார்கள், அது அந்நியனுக்குச் சொல்வது என்றார் கவண். வந்தனர் என்றால் ஏதோ விருந்தாளி வெற்றிலை பாக்கோடு வந்த மாதிரி இருக்கிறது என்றார் கிளை. சரி, ‘குடியேறினர்’ மட்டும் போதுமா? கவணுக்கு அதில் ‘குடி’ பிடிக்கவில்லை, புதிதாக வந்தவன்தானே குடியேறுவான். கிளைக்கு அது மட்டும் போதவில்லை. அடுத்த வாரம் காந்திமதிநாதன் எங்கோ தோண்டி, அந்தப் பயணத்துக்கு எபிரேய மொழியில் ‘ஏறுதல்’ என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது என்று கண்டுபிடித்தார். நம் குடியேற்றத்திலும் ஏற்றம் இருக்கிறது! இரண்டு மொழியும் கைகுலுக்கிக்கொண்டு நிற்கின்றன! குஷியாகி, ‘ஏறினர்’ என்று போட்டார். "எதில் ஏறினர்? திருவேங்கடம் டவுன் பஸ்ஸிலா?" என்று முகம் தெரியாத மூன்றாவது ஆசாமி ஒருவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு கூட்டத்தார் உயிர் பிழைக்க ஓடிவந்த கதையும் கிடந்தது, இன்னொரு கூட்டத்தார் வீடு வாசலை விட்டு ஓடிப்போன கதையும் கிடந்தது. இரண்டையும் எழுதுவதுதான் நடுநிலை என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் எழுதாமல் விடுவதுதான் நடுநிலை என்று அவர் வைத்திருந்தார். ஆஷிக் அலி ஒருநாள் பிரிண்டரைச் சரிசெய்ய வந்தபோது எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, அங்கன முன்னாடியே இருந்தவங்க என்ன ஆனாங்க? அதைப் போடலியா?"

"அது வேற கட்டுரை வே."

"சரி. வந்தவங்க எதுக்கு ஊரை விட்டுக் கெளம்புனாங்க? அவங்கள அங்க என்ன பாடு படுத்துனாங்க?"

"அதுவும் வேற கட்டுரை."

"அப்போ இந்தக் கட்டுரையில என்னதான் அண்ணாச்சி இருக்கு?"

"நடுநிலை" என்றார் காந்திமதிநாதன்.

பதினோரு வாரம் ஆயிற்று. ‘யூதர்கள்’ என்று தொடங்கினால் ஒருவர் அடித்தார். ‘பாலஸ்தீனம்’ என்று எழுதினால் மற்றவர் அடித்தார். ‘நிலம்’ என்றால் இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் பன்னிரண்டு அடிக்குறிப்புகளோடு ஒரு வாக்கியம் உருவாயிற்று. "பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அப்பகுதியில் வருகை நிகழ்ந்தது." யார் வந்தார்கள்? தெரியாது. எப்பகுதி? கேட்கக்கூடாது. வருகை மட்டும் மழை மாதிரி தானாக நிகழ்ந்திருந்தது. காந்திமதிநாதன் அதை நாலு தடவை வாசித்துவிட்டு, வாக்கெடுப்புக்கு வைத்தார்.

இந்தப் பதினோரு வாரத்துக்குள் அவர் வீட்டிலும் ஒரு வருகை நிகழ்ந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மகள் சிவப்ரியாவைத் தை மாதம் ராயகிரி கோமதிநாயகத்தின் மகன் ஸ்ரீராம்குமாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மதுரையில் வேலை. அங்கேயே குடித்தனம். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துவருவது வழக்கம்தானே? ஆடி பிறந்ததும் அவள் வந்தாள், ஒரு பெரிய சூட்கேசோடு. பிரம்மநாயகி அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தாள், கனத்தது. திறந்து பார்த்தாள். சேலைகளுக்கு அடியில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பட்டச் சான்றிதழ் வரைக்கும் வரிசையாக இருந்தன. ஆடிக்கு வருகிறவள் மார்க் ஷீட்டை எதற்குத் தூக்கிக்கொண்டு வருவாள்? அந்த அம்மாள் சூட்கேசை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மகளுக்குப் பிடித்த புளிக்குழம்பு வைக்கப் போனாள்.

கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழா முடிந்தது. ஆடி முடிந்தது. ஆவணியும் பிறந்துவிட்டது. தெருவில் பெண்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "சிவப்ரியா வந்திருக்காளா?" வந்திருக்கா என்றால் போய்விடுவாள். வந்துட்டா என்றால் போக மாட்டாள். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பெண்ணின் ஆயுசு முழுக்க அடங்கிக் கிடக்கிறது. கேட்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்துதான் கேட்பார்கள். காந்திமதிநாதன் இரண்டையும் சொல்லாமல், "வீட்லதான் இருக்கா" என்று சொல்லிவைத்தார்.

ஒருநாள் மத்தியானம் சிவப்ரியா அப்பாவின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவரு ஆபீஸ் போறப்போ என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போயிருதாரு. சாவியையும் கொண்டு போயிருதாரு. சாயங்காலம் வந்துதான் தொறப்பாரு. தெனமும்ப்பா. ஒருநாள் கேஸ் லீக் ஆகி ஒரே நாத்தம். ஜன்னல்ல நின்னு கத்துனேன். பக்கத்து வீட்டு அக்கா ஆளக் கூட்டியாந்து பூட்ட ஒடைக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அன்னைக்குச் சாயந்தரமே புதுப் பூட்டு வாங்கியாந்துட்டாரு. நான் அங்க போகமாட்டேன்ப்பா."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, கை பழகிய வழியிலேயே போய், பேனாவை எடுத்தது.

"ரெண்டு பக்கமும் கேக்கணும்லா மக்கா" என்று சொல்லி மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "திருட்டு பயம் மாமா. அவ பத்திரமா இருக்கட்டும்னுதான் பூட்டுதேன்" என்றான் அவன். மரியாதையான பையன், மாமா என்று மூன்று தடவை சொன்னான். காந்திமதிநாதன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மகளிடம் வாசித்துக் காட்டினார்: "மதுரை இல்லத்தின் கதவு பகல் வேளைகளில் பூட்டப்பட்டிருந்ததாகக் கூறப்படுகிறது. இது பாதுகாப்புக் காரணங்களுக்காக என்றும் கூறப்படுகிறது."

"யாருப்பா பூட்டுனா?"

"பூட்டப்பட்டிருந்ததுன்னு போட்டிருக்கேன்."

"கதவு தானாவே பூட்டிக்கிட்டா?"

"அதான் கூறப்படுகிறதுன்னு..."

"யாரு கூறுதா? நான் உங்க முன்னால உக்காந்து கூறுதேன்ப்பா!"

மனுஷன் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் புதுப் பூட்டு அவர் கண்ணுக்குள்ளேயே தொங்கியது. ஆனால் ஒரு பக்கமாகப் பேசிவிட்டால் அதன் பிறகு தான் யார் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தார். அறுபது வயதில் அதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் யாருக்கும் பயமாகத்தானே இருக்கும்?

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையிலேயே ராயகிரியிலிருந்து கார் வந்துவிட்டது. கோமதிநாயகம், கூட இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு தாம்பாளம் நிறையப் பழம், மூன்று முழம் பிச்சிப்பூ. மாப்பிள்ளை வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். இப்படிப்பட்ட பேச்சில் யார் என்ன சொன்னாலும், பெண்ணின் அப்பா என்ன சொல்கிறார் என்பதுதான் கணக்கு. சிவப்ரியா அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி முடிஞ்சு போச்சு சம்பந்தி. புள்ளயக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் கோமதிநாயகம். "ஏதோ பூட்டுனான், கீட்டுனான்னு சொல்லுதாக. சின்னஞ்சிறுசுக. நீங்க படிச்சவுக, விவரம் தெரிஞ்சவுக. ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிருவோம்."

ஒரு வார்த்தைதான். அனுப்பமாட்டேன். நாக்கு மூன்று தடவை புரண்டால் போதும். காந்திமதிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பேசினார்.

"இந்த விஷயத்துல ரெண்டு விதமான கருத்து இருக்கு. பூட்டுனதால செரமப்பட்டதா ஒரு தரப்பு சொல்லுது. பாதுகாப்புக்காகத்தான்னு இன்னொரு தரப்பு சொல்லுது. ரெண்டையும் நாம மதிக்கணும். அனுப்புறதுக்கும் நியாயம் இருக்கு, அனுப்பாம இருக்கிறதுக்கும் நியாயம் இருக்கு. என்னோட நிலை நடுநிலை."

சொல்லி முடித்ததும் அவருக்கு ஒரு நிறைவு வந்தது. ஒரு சொல்லைக்கூட யாரும் அடிக்க முடியாது.

கோமதிநாயகம் கவனமாகக் கேட்டார். தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அவ்வளவுதான! சம்பந்திக்குச் சம்மதம். மதினி, புள்ளயோட துணிமணிய எடுத்து வைங்க. ராகுகாலத்துக்கு முன்னால கெளம்பிருவோம்."

"ஐயையோ! நான் அனுப்புதேன்னு சொல்லலியே!"

"அனுப்பமாட்டேன்னு சொன்னீயளா?"

முப்பத்துநான்கு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. நிலையைப் பிடித்திருந்த சிவப்ரியாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

பிரம்மநாயகி அம்மாள் காபித் தட்டோடு வந்தாள். அதை முக்காலியில் வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ ஆடிக்கு வந்திருக்கலண்ணே. வந்துட்டா."

"என்ன மதினி, ஆம்பளைக பேசிக்கிட்டிருக்கோம்லா?"

"பேசுங்க. காபியக் குடிச்சிட்டுத் தெம்பாப் பேசுங்க. என் மவ எங்கயும் வரமாட்டா. பூட்டுனது உங்க மவன். திருட்டு பயம்னா அவரு உள்ள இருந்து பூட்டிக்கிடட்டும்."

"எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேக்கணும்லா?"

"கேட்டாச்சு. உங்க மவன் கிட்ட நானும் போன்ல பேசுனேன். பக்கத்து வீட்டுப் புள்ளகிட்டயும் பேசுனேன். இவகிட்ட பதினஞ்சு நாளு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்லுதேன்."

காபி ஆடை கட்டியது. பெரிய மனிதர்கள் பழத் தாம்பாளத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கோமதிநாயகம், "என்ன சம்பந்தி, நீங்களாவது எங்க பக்கம் ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று வருத்தப்பட்டார். காந்திமதிநாதன் உள்ளே திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அதே வாரம் வாக்கெடுப்பின் முடிவும் வந்தது. கவணும் கிளையும் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரே பக்கம் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தில் எதிர்ப்பதற்கு ஒன்றுமே மிச்சம் இல்லை என்று இரண்டு பேரும் தனித்தனியே எழுதியிருந்தார்கள். மஞ்சள் பெட்டி எடுக்கப்பட்டது. தராசுப் படம் போட்ட நடுநிலைப் பதக்கம் ஒன்று அவரைப்பற்றிய பக்கத்தில் குத்தப்பட்டது. அவர் வீட்டில் அதைச் சொன்னார். "நல்லது" என்றாள் பிரம்மநாயகி அம்மாள், கீரை ஆய்ந்துகொண்டே.

புரட்டாசியில் சிவப்ரியாவுக்குத் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டலில் சேர ஒரு விண்ணப்பம் வந்தது. விண்ணப்பம்! காந்திமதிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"கொண்டா மக்கா, நான் பூர்த்தி பண்ணித் தாரேன்."

"முடிச்சிட்டேன்ப்பா. பாருங்க."

பிழை ஏதாவது கிடைக்குமா என்று ஆசையோடு வாசித்துக்கொண்டே வந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. கடைசிக்கு முந்தின பகுதியில், ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்கள்’ என்று போட்டு இரண்டு வரி விட்டிருந்தது. முதல் வரியில் பிரம்மநாயகி, உறவு தாய், போன் நம்பர். இரண்டாவது வரியில் நெடுக ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"ரெண்டாவது வரிய அடிச்சிருக்கியே மக்கா. அங்கன இன்னொரு பேரு எழுதலாம்லா."

"வேண்டாம்ப்பா. கூப்ட்டா உடனே கெளம்பி வாரவங்க ஒருத்தங்க இருந்தாப் போதும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை வாங்கி இரண்டாக மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். காந்திமதிநாதனுக்கு வலித்தது. முதல் தடவையாக, ‘வலி உணரப்பட்டது’ என்று எழுதிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பேனாவோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஒரே ஒரு சந்தேகம். நடுவில் எங்காவது, பிரம்மநாயகி அம்மாள் பேசும்போதோ சம்பந்தி செருப்பைத் தேடும்போதோ, ‘எல்லாம் சரி, ஆனாலும் இதை எழுதினவர் அந்த மாப்பிள்ளைப் பையன் பக்கத்தை ஒழுங்காகச் சொல்லவில்லையே, அவனுக்கு என்ன கஷ்டமோ’ என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். என்னது? அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாமா?